ஆலை டீசல் இன்ஜினைச் சிமெண்ட் மேடையில் ஏற்றப் பார்க்கிறார்கள்: இங்கிலாந்தில் 1957 டீசல் ரயிலை இன்னும் எப்படி ஓட்டுகிறார்கள்?

ரோஸ்ஹில் சிவா:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். கடலோர ஊர் ஸ்டேஷனுக்குள் பச்சை நிறத்தில் ஒரு டீசல் ரயில் வருகிறது, முன்னால் தனி இன்ஜின் கிடையாது, முதல் பெட்டிக்குள்ளேயே இன்ஜின் இருக்கிறது, பெட்டிகளின் பக்கச் சுவர் வளைவே இல்லாமல் தட்டையாக நிற்கிறது. சத்தம்தான் முக்கியம். தட், தட், தட் என்று நெஞ்சுக்குள் இறங்குகிற சத்தம், அவன் கையில் இருந்த போன் அதிர்வது படத்திலேயே தெரிகிறது. 1957ல் கட்டியதாம், 1986லேயே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம், ஆனாலும் ஆர்வலர்கள் சேர்ந்து அதை மற்ற ரயில்கள் ஓடுகிற மெயின் லைனிலேயே ஓட்டுகிறார்களாம். இது எப்படி முடிகிறது, யார் பணம் போடுகிறார்கள், உதிரி பாகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே மொரீஷியஸில் எங்கள் பக்கத்தில் மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையின் முற்றத்தில் கரும்பு வண்டி இழுத்த சின்ன டீசல் இன்ஜின் ஒன்று கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, ரவுண்டானா பக்கத்தில் சிமெண்ட் மேடையில் தூக்கி வைக்கலாம் என்று ஒரு கமிட்டி பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. 1864ல் போர்ட் லூயிக்கு ரயில் வந்த நாடு இது, அதற்கப்புறம் குரேபிப் வழியாக மகேபூர் வரைக்கும் தண்டவாளம் போட்டிருந்தார்கள். 1956ல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1964ல் சரக்கும் போயிற்று, எல்லாவற்றையும் பழைய இரும்புக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு மெட்ரோ ஓடுகிற பாதையில் பெரும்பகுதி அந்தப் பழைய ரயில் பாதைதான் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரிகிறது. மிச்சம் இருப்பதையாவது ஓடுகிற நிலையில் வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

கடலோரத் தம்பி:

சிவா அண்ணா, உங்கள் அக்கா மகன் இருக்கிற ஊருக்கு அடுத்த ஊரில்தான் நானும் இருக்கிறேன், பிறந்தது வாக்கோவாவில். அந்த ரயிலை இங்கே ஹேஸ்டிங்ஸ் டீசல் என்பார்கள், சத்தத்தை வைத்து தம்பர், அதாவது தட் தட் என்று அடிப்பது, என்றும் கூப்பிடுவார்கள். அது ஏன் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்று கேட்டால் கதை 1850களுக்குப் போகும்.

லண்டனிலிருந்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் வழியாக ஹேஸ்டிங்ஸ் வருகிற பாதையில் மலை குடைந்த சுரங்கங்கள் நிறைய. காண்டிராக்டர்கள் சுரங்கத்தின் உள்சுவருக்கு ஆறு அடுக்கு செங்கல் வைத்ததாகப் பில் போட்டு வாங்கிக்கொண்டு நாலு அடுக்குதான் வைத்திருந்தார்கள். 1855ல் மவுண்ட்ஃபீல்டு சுரங்கத்தில் செங்கல் சரிந்து விழுந்த பிறகுதான் மற்ற சுரங்கங்களையும் தோண்டிப் பார்த்தார்கள், அங்கேயும் அதே திருட்டு. ரயில் கம்பெனி வழக்குப் போட்டு 3,500 பவுண்டு நஷ்ட ஈடு வாங்கியது, சரிசெய்ய ஆன செலவோ 4,700 பவுண்டு. சுரங்கத்தைப் பெரிதாக்கப் பணம் இல்லை, அதனால் விட்டுப்போன இரண்டு அடுக்கை உள்பக்கமாகவே வைத்துக் கட்டினார்கள். சுரங்கத்தின் அகலம் 18 அங்குலம் குறைந்தது. அன்றைக்குச் சில பேர் செங்கலில் மிச்சம் பிடித்ததற்கு நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பாதையில் ஓடிய ஒவ்வொரு ரயிலும் தனியாக அளவெடுத்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது.

நீராவிக் காலம் முடியப்போகும்போது இந்தப் பாதைக்கு என்று தனியாக டீசல் ரயில் கட்டினார்கள். பெட்டியின் அகலம் 8 அடி 2½ அங்குலம்தான், வழக்கமான பெட்டியைவிட ஏறக்குறைய ஓரடி குறைவு, நீங்கள் பார்த்த தட்டைச் சுவர் அதனால்தான். ஆறு பெட்டி கொண்ட ரயில், இரண்டு முனையிலும் இன்ஜின் வைத்த பெட்டி, நடுவில் நாலு பெட்டி. மொத்தம் 23 ரயில்கள். முதலில் வந்த ஏழுக்கும் பெட்டி குட்டை, ஏனென்றால் இன்ஜின் இழுக்கிற சாதாரண வண்டிக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த அடிச்சட்டத்தையே அவற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஒன்பது நீளமான பெட்டி, கடைசி ஏழில் சிற்றுண்டிப் பெட்டியும் உண்டு. 1957 ஏப்ரலில் லண்டன் கேனன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் சிக்னல் அறை தீப்பிடித்து எரிந்துபோனது, அந்த நெருக்கடியைச் சமாளிக்க இந்த டீசல்களைச் சொன்ன நாளுக்கு முன்பே மே மாதமே ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் 29 வருஷம். காலையில் ஆபீஸ் கூட்டத்தை லண்டனுக்குக் கொண்டுபோவதும் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவதும்தான் வேலை. நல்லதை மட்டும் சொல்லக்கூடாது, 1967 நவம்பர் 5 ஞாயிறு இரவு ஹித்தர் கிரீன் என்ற இடத்தில் தண்டவாளம் உடைந்து இந்த ரயில் ஒன்று தடம் புரண்டது, 49 பேர் இறந்தார்கள். தவறு பாதையில்தான், ரயிலில் இல்லை. அந்த வண்டியில் பயணம் செய்து தப்பியவர்களில் பாடகர் ராபின் கிப்பும் ஒருவர்.

1986 மே மாதம் பாதையை மின்மயமாக்கினார்கள். அப்போதும் சுரங்கத்தை இடிக்கவில்லை. குறுகலான சுரங்கங்களுக்குள் இரண்டு தடத்தை ஒரே தடமாக்கி நடுவில் போட்டார்கள், சாதாரண அகல ரயில் போக இடம் கிடைத்துவிட்டது. இதை 1957லேயே செய்திருந்தால் இந்த ரயில்களே பிறந்திருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஹேஸ்டிங்ஸ் டீசல்ஸ் லிமிடெட் என்று ஆர்வலர்கள் ஒரு கம்பெனி தொடங்கி, கழித்துக்கட்டிய பெட்டிகளை வாங்கினார்கள். பணிமனை செயின்ட் லெனார்ட்ஸில், அதாவது இந்த ரயில்கள் வேலைக் காலத்தில் ராத்தங்கிய ஊரிலேயே. 1996ல் மறுபடி மெயின் லைனுக்கு வந்துவிட்டது. நடுவில் ஆஷ்ஃபோர்டு தடத்தில் சாதாரண டிக்கெட் பயணிகளை ஏற்றியும் ஓடியிருக்கிறது, அந்தத் தடத்தில் இன்றும் பெரும்பகுதிக்கு மின்சாரம் கிடையாது.

பழைய ஃபிட்டர்:

தம்பி சிவா, நான் ஆலையிலும் பிறகு ஜெனரேட்டர் ஷெட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

அதில் இருப்பது இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் 4 எஸ்ஆர்கேடி இன்ஜின். வரிசையாக நாலே சிலிண்டர், டர்போ வைத்தது. சிலிண்டர் குறுக்களவு 10 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 12 அங்குலம். கணக்குப் போட்டுப் பார், ஒரு சிலிண்டருக்கு 15 லிட்டருக்கு மேல், நாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 62 லிட்டர். இவ்வளவு பெரிய இன்ஜின் தருவது வெறும் 500 குதிரைத்திறன், அதுவும் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 850 சுற்று. இன்றைக்கு ஒரு லாரி இன்ஜின் 13 லிட்டரில் அதே 500ஐத் தந்துவிடும், ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, 850 சுற்று என்றால் நொடிக்கு 28 வெடிப்பு, ஐடிலில் அதிலும் குறைவு. ஒவ்வொரு வெடிப்பும் பெரியது, இடைவெளியும் அதிகம், அதனால்தான் ஒரே இரைச்சலாகக் கலக்காமல் தனித்தனி அடியாகக் காதில் விழுகிறது. அதோடு இன்ஜின் தரைக்கு அடியில் தொங்கவில்லை, டிரைவர் அறைக்குப் பின்னால் பெட்டிக்குள் ஒரு தனி அறையில் உட்கார்ந்திருக்கிறது.

இன்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும், அந்தக் கரண்டில் அடியில் இருக்கிற இரண்டு மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. 500 குதிரை இழுக்க வேண்டிய இடத்தில் 62 லிட்டரை வைத்தவன் அவசரப்படாமல் கட்டியிருக்கிறான். மெதுவாகச் சுற்றும் இன்ஜின் மெதுவாகத்தான் தேயும், கழற்றினால் ஒவ்வொரு பாகமும் கையில் பிடித்து அளக்கிற அளவில் இருக்கும், கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு நல்ல ஃபிட்டரும் ஒரு நல்ல கடைசல் பட்டறையும் இருந்தால் அதை எந்தக் காலத்திலும் ஓட்டலாம். உன் ஆலை இன்ஜினும் அந்தக் காலத்து ஆள்தான் என்றால் வழி இருக்கிறது. பெயர்ப் பலகை இருக்கிறதா? எந்தக் கம்பெனி, எத்தனை சிலிண்டர் என்று முதலில் பார்.

கத்ர்போர்ன் மாலதி:

எல்லோரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு இப்படித்தான் பழைய பஸ் ஒன்றை ஓட வைக்கிறேன் என்று எடுத்துப்போய், இன்ஜினைப் பிரித்து, பாகத்தையெல்லாம் ட்ரம்மில் போட்டு வைத்தார்கள். ஆர்வம் இருந்தவர் வெளிநாடு போய்விட்டார், ட்ரம்மில் மழைத் தண்ணீர், பஸ் இரும்புக் கடைக்குப் போயிற்று. பிரிக்காமல் ஒரு கூரைக்கு அடியில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் இருந்திருக்கும். மகேபூர் அருங்காட்சியகத்தின் பின்பக்கம் பழைய ரயில் பெட்டிகள் நிற்கின்றனவே, ஓடவில்லைதான், ஆனாலும் என் பிள்ளைகள் நம் ஊரில் ரயில் இருந்தது என்று தெரிந்துகொண்டது அவற்றைப் பார்த்துத்தான்.

சிமெண்ட் மேடையை நானும் எதிர்க்கிறேன், காரணம் வேறு. நம் கடல் காற்றில் உப்பு, ஜனவரி பிப்ரவரியில் புயல், ரவுண்டானாவில் கூரை கிடையாது. முதல் வருஷம் பளபளப்பாக இருக்கும், அஞ்சாம் வருஷம் அடித்தகடு பொத்தல் விழுந்துவிடும், மேலே பெயிண்ட் இருப்பதால் யாருக்கும் தெரியாது. முதலில் கூரை கேளுங்கள் அண்ணா. ஓட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கடலோரத் தம்பி:

மாலதி அக்கா சொல்வது சரி, கூரை இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் நிறுத்தி வைப்பதோடு முடித்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. இங்கே யார்க் நகரத்து தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் 1972ல் கட்டிய அதிவேக டீசல் ரயிலின் முன்மாதிரி இன்ஜின் வண்டி 41001 ரொம்ப காலம் சும்மா நின்றது. 1973ல் மணிக்கு 143 மைல் ஓடி டீசல் ரயிலுக்கு உலக சாதனை படைத்த ரயிலைச் சேர்ந்தது அது. நாட்டின் பெரிய அருங்காட்சியகம், நல்ல கூரை, எல்லாம் இருந்தது. ஆனாலும் ஓர் ஆர்வலர் குழு கேட்டு வாங்கி, அதற்கு உரிய பாக்ஸ்மன் வாலென்டா இன்ஜினைப் பொருத்தி, 2014ல் பயணிகளை ஏற்றி ஓட்டிக் காட்டியது. அந்த வேலை நடந்த வருஷங்களில்தான் அந்த இன்ஜினை அறிந்த வயதானவர்கள் பக்கத்தில் நின்று இளம் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொண்டார்கள். நின்ற இடத்தில் துடைத்துக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது.

சிவா அண்ணா கேட்ட மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் உறுப்பினர் சந்தா, பங்கு, அப்புறம் சிறப்புப் பயண டிக்கெட். இந்த ரயில் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க முடிகிறது என்பதுதான் அதன் உயிர். வேலை பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்கள், ஆனால் மெயின் லைனில் ஓட்டுவதற்கு உரிமம் உள்ள நிறுவனமும் அவர்கள் டிரைவரும்தான் வேண்டும், விருப்பப்பட்டவர் ஏறி உட்கார முடியாது. சட்டம் மாற மாற ரயிலும் மாற வேண்டியிருக்கிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டினால் தானாகப் பிரேக் பிடிக்கிற கருவி, புது ரேடியோ, இழுத்துச் சாத்துகிற பழைய கதவுகளை மொத்தமாகப் பூட்டுகிற ஏற்பாடு, எல்லாம் வைத்தாக வேண்டும். 1957ல் இருந்தபடியே வைப்பேன் என்று அடம் பிடித்தால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

உதிரி பாகத்தில்தான் அவர்களுக்கு அதிர்ஷ்டம். சக்கரத்தைச் சுற்றுகிற அந்த மோட்டார் இதற்கென்று தனியாகச் செய்ததில்லை, தென் இங்கிலாந்தின் மின்சார ரயில்களில் ஆயிரக்கணக்கில் இருந்த அதே இங்கிலீஷ் எலெக்ட்ரிக் 507 மோட்டார். 2000களில் பழைய மின்சார ரயில்களைக் கழித்துக்கட்டியபோது அந்த மோட்டார்களும் பிரேக் சாமான்களும் கிடைத்தன. இப்போது ஓடும் ரயிலில் நடுப் பெட்டிகளில் ஒன்றே வேறு மின்சார ரயிலிலிருந்து வந்ததுதான், கவனித்துப் பார்த்தால் அது மட்டும் மற்றதைவிட அகலமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இன்ஜினுக்கும் அப்படித்தான், ஹாம்ப்ஷயர் பக்கம் ஓடிய தம்பர்களில் இதே குடும்பத்து இன்ஜின், அவை 2004 வரை வேலை பார்த்தன. தனியாக ஒன்றே ஒன்று மிஞ்சுகிற இயந்திரத்தைக் காப்பாற்றுவது ரொம்பக் கடினம். அண்ணா, உங்கள் இன்ஜினுக்கு ஒரு ஜோடி எங்காவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள், வேறு ஆலையில், தோட்டத்தில், ஏன் பாழடைந்த பம்ப் ஷெட்டில் அதே இன்ஜின் மட்டும் இருந்தாலும் போதும்.

ரோஸ்ஹில் சிவா:

ரொம்ப நன்றி. இன்று சாயங்காலம் நேராகப் போய்ப் பார்த்தேன். பெயர்ப் பலகையை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நாலு திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது. பக்கவாட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தால் நாலு சிலிண்டர், வரிசை இன்ஜின். வார்ப்பில் ஏதோ எண் இருக்கிறது, துருவில் படிக்க முடியவில்லை. புகைக்குழாய்க்கு மேல் மூடி இல்லை, வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அதை ஓட்டியவர் அவர்தான், கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எந்த லீவர் எதற்கு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறார். கமிட்டியில் ஒரு பையன் பேட்டரி கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம், ஓடினால் அமைச்சகத்துக்கு வீடியோ அனுப்பலாம் என்கிறான். செய்யலாமா?

பழைய ஃபிட்டர்:

செய்யவே கூடாது. யாரையும் பேட்டரியோடு பக்கத்தில் விடாதே. புகைக்குழாய் திறந்து கிடந்தது என்றால் இத்தனை வருஷ மழையும் அதன் வழியாக இறங்கியிருக்கும். வால்வு திறந்திருந்த சிலிண்டரில் தண்ணீர் நிற்கும். தண்ணீரை அமுக்க முடியாது, ஸ்டார்ட்டர் சுற்றிய முதல் சுற்றிலேயே கனெக்டிங் ராட் வளையும், இல்லை சிலிண்டர் தலை விரியும். அதோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் மேடையில் வைப்பதுதான் மிச்சம்.

முதல் காரியம், ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தாவது இன்றைக்கே அந்தக் குழாயை மூடு. மேலே தார்ப்பாய் போடு, இன்ஜினைச் சுற்றி இறுக்கிக் கட்டாதே, காற்று போக வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே வியர்த்துத் துரு பிடிக்கும். அடியில் எண்ணெய்த் தொட்டியின் வடிகால் திருகைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி என்ன வருகிறது என்று பார். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில்தான் நிற்கும், அதனால் அதுதான் முதலில் வரும். எவ்வளவு வந்தது என்று ஒரு கண்ணாடி போத்தலில் பிடித்து வை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை நீ கழற்றாதே, நான் வந்து கழற்றுகிறேன், அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அப்புறம் கையால் கிராங்கைத் திருப்பிப் பார்க்கலாம். திரும்பினால் வேலை ஆரம்பிக்கலாம். திரும்பவில்லை என்றால் இன்னும் ஊறட்டும், அவசரமே இல்லை.

அந்தப் பெரியவரிடம் இன்றே போய் உட்கார். லீவர் எது எதற்கு, காலையில் ஸ்டார்ட் பண்ண என்ன வரிசை, எது அடிக்கடி கெடும், எந்தப் பாகத்தை எங்கிருந்து வாங்கினார்கள், எல்லாவற்றையும் அவர் குரலிலேயே போனில் பதிவு பண்ணு. மாலதி சொன்ன கூரைக்குக் கமிட்டியில் மனு கொடு, மேடைக்கு ஒதுக்குகிற பணத்திலேயே நாலு தூணும் தகரக் கூரையும் வந்துவிடும். ஞாயிறு காலை நான் வருகிறேன், வார்ப்பு எண்ணைச் சுரண்டிப் படிக்கக் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வாங்கி வை.

கத்ர்போர்ன் மாலதி:

மனுவை நான் எழுதித் தருகிறேன் அண்ணா, பிரெஞ்சில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இன்ஜினின் நீளம், அகலம், உயரம் அளந்து அனுப்புங்கள், கூரைக்குக் கணக்குப் போட வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் இப்போது இருக்கிற நிலையிலேயே படம் எடுத்து அனுப்புங்கள், சுத்தம் பண்ணுவதற்கு முன்னால்.